தடயம் ஆய்வகத்துக்குப் போகும் வழியில் கெடுகிறதா? அறிகுறியைப் பார்த்துக் கோளாறைப் பிடிக்கும் வழிமுறை

ஆய்வகத்தின் பெறுமிட மேசையில் பல ஆண்டுகள் உட்கார்ந்திருந்தேன். வரும் பொதிகளின் முத்திரையைச் சரிபார்ப்பது, பட்டியலோடு ஒப்பிடுவது, ஏற்பது அல்லது திருப்புவது என் வேலை. கெட்டுப்போய் என் கைக்கு வந்த தடயங்களில் பெரும்பாலானவை சம்பவ இடத்தில் கெட்டவை அல்ல. அங்கே கவனமாகத்தான் எடுத்திருந்தார்கள். அதற்குப் பிறகு வண்டியின் பின்பகுதியிலும், நிலையத்து அலமாரியிலும், யாரோ ஒருவரின் மேசை இழுப்பறையிலும் கிடந்த நேரத்தில்தான் அவை கெட்டிருந்தன.

ஒரே கோளாறுகள் திரும்பத் திரும்ப வந்ததால் அவற்றை அறிகுறி வாரியாகக் குறித்து வைக்கத் தொடங்கினேன். ஒவ்வொரு அறிகுறியிலும் செலவில்லாத காரணத்தை முதலில் பாருங்கள். அது இல்லையென்றால் மட்டும் அடுத்ததற்குப் போங்கள். உங்கள் ஆய்வகத்தின் ஏற்பு விதி இதிலிருந்து மாறுபட்டால் அந்த விதியே மேலானது.

எந்த அறிகுறியில் தொடங்கினாலும் ஒன்றை மட்டும் விடாதீர்கள். கண்டதையும் செய்ததையும் அந்த நேரத்திலேயே எழுதுங்கள். "இன்ன காரணத்தால் இத்தனை மணி நேரம் தாமதம்" என்று எழுதிய பதிவு குறுக்கு விசாரணையில் தாங்கும். பின்னால் திருத்திய நேரம் நல்ல தடயத்தையும் சேர்த்துக் கெடுக்கும்.

அறிகுறி: பொதியைத் திறந்தால் பூஞ்சை வாடை, அல்லது உறையின் வெளியே ஈரக்கறை

நான் அதிகம் பார்த்ததும் அதிகம் வருந்தியதும் இதுதான். ஒருமுறை ஒரு சட்டை வந்தது. உறையைப் பிரித்ததும் புளித்த வாடை அடித்தது. உள்தாள் துணியோடு ஒட்டிக்கொண்டிருந்தது. மெல்ல விலக்கியபோது இரத்தக்கறை இருந்த இடம் முழுவதும் மிளகைத் தூவியதுபோலக் கரும்புள்ளிகள். கைப்பற்றி 9 நாள்தான் ஆகியிருந்தது. எடுத்தவர் எந்த இடத்திலும் அலட்சியமாக இருக்கவில்லை. "பத்திரமாக இருக்கட்டும்" என்று பாலித்தீன் உறையில் போட்டுக் காற்றுப் புகாமல் ஒட்டியிருந்தார். அந்தப் பத்திரம்தான் சட்டையைக் கெடுத்தது.

*உறை பாலித்தீனா?* ஆம் என்றால் காரணம் கிடைத்துவிட்டது. இரத்தம், எச்சில், விந்து, வியர்வை பட்ட எதுவும் காய்ந்த பிறகு காகித உறைக்குள்தான் போக வேண்டும். காகிதம் ஈரத்தை வெளியே விடும், பாலித்தீன் உள்ளேயே பூட்டி வைக்கும். பச்சையாக எடுத்த கஞ்சா போன்ற செடிகளுக்கும் இதே விதிதான்.

*காகித உறைதான், ஆனாலும் பூஞ்சையா?* அப்படியானால் அரைகுறையாகக் காய்ந்ததை மூடியிருக்கிறார்கள். துணியின் நடுப்பகுதியைத் தொட்டுப் பார்த்து "காய்ந்துவிட்டது" என்று முடிவு செய்யக் கூடாது. கடைசியாகக் காய்பவை இடுப்புப் பட்டி, சட்டைக் கழுத்து, பையின் உள்மடிப்பு, தையல் ஓரம், காலணியின் உட்தாள். இந்த இடங்களில் கையுறை விரலால் அழுத்திப் பாருங்கள்; குளிர்ச்சி தெரிந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது.

*முழுவதும் உலர்த்தியும் கறை இடம் மாறியிருக்கிறதா?* ஈரமாக இருந்தபோது மடித்ததால் முன்பக்கக் கறை பின்பக்கத்தில் படிந்திருக்கும். இரத்தத் தெறிப்பின் வடிவத்தைப் பார்த்து எதையாவது சொல்ல வேண்டிய வழக்கில் இது பெரிய இழப்பு. வேறு வழியில்லாமல் ஈரத்தோடு கொண்டுவந்தால் ஒவ்வொரு மடிப்புக்கு இடையிலும் சுத்தமான வெள்ளைத்தாள் வையுங்கள். காகிதத்தில் சுற்றி, வாய் திறந்த தட்டில் வைத்து, நேராக உலர்த்தும் இடத்துக்குக் கொண்டுபோங்கள். வழியில் வேறு வேலைக்கு நிற்காதீர்கள். தாள் இட்ட நேரத்தையும் பிரித்த நேரத்தையும் குறியுங்கள்.

*இடமே ஈரப்பதமானதா?* மழைக்காலத்தில் ஜன்னலில்லாத அறையில் எவ்வளவு நேரம் தொங்கவிட்டாலும் காயாது. இங்கேதான் செலவு வருகிறது: வடிகட்டிய காற்று சுழலும் உலர்த்தும் அலமாரி வேண்டும். அது வரும்வரை பூட்டக்கூடிய, காற்றோட்டமுள்ள, ஆள் நடமாட்டமில்லாத ஓர் அறை போதும்.

உலர்த்தும்போது மூன்றைச் செய்யாதீர்கள். வெயிலில் போடாதீர்கள், புற ஊதாக் கதிர் டி.என்.ஏ.வைச் சிதைக்கும். முடி உலர்த்தியையும் வெப்பக் காற்றையும் பயன்படுத்தாதீர்கள். பாதிக்கப்பட்டவரின் உடையையும் சந்தேக நபரின் உடையையும் ஒரே அறையில் தொங்கவிடாதீர்கள்; வேறு வேளையில் என்றாலும் இடையில் அறையைத் துடைத்துச் சுத்தப்படுத்தி, அதையும் எழுதுங்கள். துணிக்குக் கீழே விரித்த தாளைக் குப்பையில் எறியவே கூடாது. அதில் விழுந்த முடி, இழை, மண்துகள் எல்லாம் தடயம். தாளை உள்நோக்கி மடித்துத் தனி உறையில் இட்டு, தனி எண் கொடுங்கள்.

எப்போது நிபுணரை அழைப்பது? பூஞ்சை கண்ணுக்குத் தெரிந்த அந்தக் கணமே. சுரண்டாதீர்கள், துடைக்காதீர்கள், மறுபடி பாலித்தீனில் போடாதீர்கள். புகைப்படம் எடுத்து, காகிதத்தில் மாற்றி, ஆய்வகத்தின் உயிரியல் பிரிவுக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள். பூஞ்சை வந்ததாலேயே தடயம் செத்துவிட்டது என்று அர்த்தமில்லை. புள்ளி படராத ஓரத்திலிருந்து முடிவு கிடைத்ததை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் எந்த ஓரம் என்பதை அவர்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

அறிகுறி: ஆய்வகம் பொதியை ஏற்காமல் திருப்பிவிட்டது

கோபப்படுவதற்கு முன்னால் பொதியையும் கடிதத்தையும் மேசைமேல் அடுத்தடுத்து வையுங்கள். பெரும்பாலும் ஐந்து நிமிட வேலைதான்.

முதலில் எண்கள். வழக்கு எண், பொருள் எண், பொருள்களின் எண்ணிக்கை ஆகிய மூன்றும் உறையிலும் பட்டியலிலும் கோரிக்கைக் கடிதத்திலும் ஒன்றாக இருக்க வேண்டும். கடிதத்தில் "கத்தி ஒன்று", உறையில் "அரிவாள்" என்றிருந்தால் பெறுமிடத்தில் இருப்பவர் ஏற்க முடியாது. பொருளுக்குச் சம்பவ இடத்தில் முதலில் எந்தப் பெயர் கொடுத்தீர்களோ அதே பெயர் கடைசிவரை போகட்டும்.

அடுத்து முத்திரை. ஒட்டுநாடா உறையின் வாயை முழுவதும் மூடியிருக்கிறதா? கையொப்பமும் தேதியும் பாதி நாடாவிலும் பாதி உறையிலுமாக, இரண்டின் குறுக்கே ஓடுகிறதா? நாடாவின் மேல் மட்டும் கையெழுத்திட்டால் நாடாவை மாற்றியதைக் கண்டுபிடிக்க முடியாது. அரக்கு முத்திரையென்றால் முத்திரையின் மாதிரிப் பதிவு கடிதத்தோடு இருக்கிறதா? ஸ்டேப்ளர் ஊசியால் மூடுவதை அடியோடு நிறுத்துங்கள். அது முத்திரை ஆகாது. திறப்பவரின் கையுறையைக் கிழித்து விரலையும் குத்தும்.

ஏற்கெனவே முத்திரையிட்ட உறையை நீங்கள் திறக்க நேர்ந்ததா? பழைய முத்திரையின் மேல் கத்தி வைக்காதீர்கள். வேறு பக்கத்தில் வெட்டித் திறந்து, அந்த வெட்டை உங்கள் கையொப்பத்தோடு புதிதாக மூடுங்கள். ஓர் உறையில் எத்தனை முத்திரை இருக்கிறதோ அத்தனை முறை மூடியிருக்கிறார்கள் என்று பார்த்தவுடன் தெரிய வேண்டும்.

எண்ணும் முத்திரையும் சரியென்றால் உள்ளடக்கம். சம்பவ இடத்தில் கிடைத்த, யாருடையது என்று தெரியாத மாதிரியும், யாருடையது என்று தெரிந்த ஒப்பீட்டு மாதிரியும் ஒரே உறையில் இருந்தால் எந்த ஆய்வகமும் திருப்பும், திருப்பத்தான் வேண்டும். துப்பாக்கி என்றால் குண்டு நீக்கப்பட்டது என்ற குறிப்பு வெளியே இருக்க வேண்டும். கத்தி, ஊசி, கண்ணாடித் துண்டு எல்லாம் குத்தாத கெட்டிப் பெட்டியில், எச்சரிக்கைச் சீட்டோடு.

ஒரே காரணத்துக்காக இரண்டாம் முறையும் திருப்பினார்கள் என்றால் கடிதம் எழுதிக்கொண்டிருக்காதீர்கள். பொதியோடு நேரில் போய் பெறுமிட அலுவலரைப் பாருங்கள்.

அறிகுறி: பொருள் நிலையத்திலேயே தங்கிவிட்டது

பதிவேட்டைப் புரட்டும்போது ஒரு பொருள் 40 நாளாக அலமாரியில் இருப்பது தெரிகிறது. யாரும் வேண்டுமென்று செய்வதில்லை. "எல்லாப் பொருளும் சேரட்டும், ஒன்றாக அனுப்பலாம்" என்று காத்திருப்பதுதான் நான் கண்ட முதல் காரணம். அது வேண்டாம். கெடக்கூடியது முதல் வண்டியில் போகட்டும். மற்றவை பின்னால் வரும் என்று கடிதத்தில் ஒரு வரி சேருங்கள்.

இரண்டாவது, கடிதத்தில் என்ன கேட்பது என்று தெரியாமல் நிற்பது. "இந்தக் கறை மனித இரத்தமா, யாருடையது?" என்று வழக்கு கேட்கும் கேள்வியை அப்படியே எழுதினால் போதும். மூன்றாவது, பொறுப்பாளர் விடுப்பிலோ இடமாற்றத்திலோ போய்விட்டது. ஒவ்வொரு பொருளுக்கும் மாற்றுப் பொறுப்பாளர் ஒருவரின் பெயர் பதிவேட்டில் இருந்தால் இந்தச் சிக்கலே முளைக்காது. நான்காவது, வண்டியோ ஆளோ ஆய்வக இடமோ உண்மையிலேயே போதாமை. அதை உங்கள் மட்டத்தில் தீர்க்க முடியாது. எத்தனை பொருள், எத்தனை நாள் என்று எண்ணி எழுத்தில் மேலே அனுப்புங்கள். எண்ணாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2009இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரம் சாட்சி. அங்கே காவல் துறைக் கிடங்கு ஒன்றில் பாலியல் வன்முறை வழக்குகளின் சோதனைப் பெட்டிகள் (பாதிக்கப்பட்டவர்களின் உடலிலிருந்து எடுத்த மாதிரிகள் கொண்டவை) 11,000க்கும் மேல் ஆய்வுக்கே போகாமல் கிடந்தது தெரியவந்தது. ஒவ்வொரு பெட்டிக்குப் பின்னாலும் பரிசோதனையைத் தாங்கிக்கொண்டு பதிலுக்குக் காத்திருந்த ஒருவர் இருந்தார்.

நாள் கணக்கில் காத்திருக்கவே முடியாதவை சில உண்டு. சுட்டவரின் கையில் வெடிமருந்துத் துகள்கள் சில மணி நேரமே தங்கும். கை கழுவினாலும் பையில் கை விட்டாலும் உதிரும். எனவே விரல்ரேகை எடுப்பதற்கு முன்பே மாதிரி எடுக்க வேண்டும். இறந்தவரின் கைகளைக் காகிதப் பையால் மூடுங்கள், பாலித்தீனில் வியர்க்கும். மயக்கமருந்து கொடுத்து வன்முறை நடந்ததாகச் சந்தேகம் இருந்தால் சிறுநீர் மாதிரிக்கு முதலிடம். ஜி.எச்.பி. என்ற மருந்து சுமார் 12 மணி நேரத்துக்குப் பிறகு சிறுநீரில் பிடிபடாமல் போகலாம். வாக்குமூலம் முடியட்டும் என்று காத்திருந்தால் மருந்து போய்விடும்.

அறிகுறி: கைமாற்றுப் பதிவில் இடைவெளி

காலை 10 மணிக்கு எடுத்ததாக இருக்கிறது. மாலை 6 மணிக்கு அலமாரியில் வைத்ததாக இருக்கிறது. இடையில் 8 மணி நேரம் யார் கையில்?

எளிய காரணம், எழுத மறந்தது. பொருள் உண்மையில் ஒரே ஆளிடம் இருந்திருந்தால் அவர் இன்றைய தேதியிட்டுத் தனிக் குறிப்பு எழுதட்டும். பழைய வரியில் இடைச்செருகல் கூடவே கூடாது. அடுத்த காரணம், பூட்டிய வண்டியில் இருந்தது. சாவி யாரிடம் இருந்தது, வண்டி எங்கே நின்றது, வெயிலிலா நிழலிலா என்பதை எழுதுங்கள். மூடிய வண்டிக்குள் ஏறும் சூடு உயிரியல் மாதிரிக்குத் தனிக் கேடு. மிகக் கடினமானது, கையொப்பமில்லாமல் இன்னொருவருக்கு மாறியது. இருவரும் தனித்தனியாக எழுத வேண்டும்.

முன்னாள் மனைவியையும் அவருடைய நண்பரையும் கொன்றதாக அமெரிக்க விளையாட்டு வீரர் ஓ.ஜே. சிம்ப்சன்மேல் நடந்த வழக்கில், சந்தேக நபரான அவரிடமிருந்து எடுத்த இரத்தக் குழாயை உடனே பதிவில் சேர்க்காமல், புலனாய்வாளர் ஒருவர் அதைத் தன்னோடு எடுத்துக்கொண்டு அந்த நபரின் வீட்டுக்கே போய், அங்கே இருந்த தடய சேகரிப்பாளரிடம் கொடுத்தார். 1995இல் நடந்த விசாரணையில் எதிர்த்தரப்பு அந்தப் பயணத்தை விடாமல் பிடித்துக்கொண்டு, குழாயிலிருந்து இரத்தம் எடுத்து வேறிடங்களில் வைத்திருக்கலாமே என்று வாதிட்டது. அருகிலிருந்த பதிவேட்டில் ஒரு வரி சேர்த்திருந்தால் அந்தக் கேள்விக்கு இடமே இருந்திருக்காது.

முத்திரையும் உடைந்து, பதிவிலும் இடைவெளி இருந்தால் நீங்களாக மறுமுத்திரை இடாதீர்கள். அப்படியே புகைப்படம் எடுத்து அரசுத் தரப்பு வழக்கறிஞரிடம் அன்றே சொல்லுங்கள்.

அறிகுறி: இரத்தக் குழாய் அல்லது சிறுநீர்க் குப்பி "ஆய்வுக்குத் தகுதியற்றது"

குழாயின் மூடி நிறத்தைப் பாருங்கள். டி.என்.ஏ.வுக்கு, இரத்தம் கட்டாமல் தடுக்கும் ஈ.டி.டி.ஏ. உள்ள ஊதா மூடி; மதுவின் அளவைப் பார்க்கச் சோடியம் புளூரைடு உள்ள சாம்பல் மூடி. மாறிப்போயிருந்தால் அதுவே காரணம். புளூரைடு இல்லாத குழாயில் நாள் செல்லச் செல்ல மதுவின் அளவு மாறும்.

மூடி சரி, ஆனால் குழாய் விரிசலா? உறைய வைத்திருக்கிறார்கள். திரவ இரத்தம் 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிர்ச்சியில் இருக்க வேண்டும். உறைபெட்டியில் போட்டால் கண்ணாடி வெடிக்கும், இரத்த அணுக்களும் சிதையும். சிறுநீரை நெடுநாள் வைக்க நேர்ந்தால் உறைய வைக்கலாம், ஆனால் குப்பியை நிரப்பாமல் விரிய இடம் விடுங்கள்.

குளிர்பெட்டி வேலை செய்ததா என்பதை யாரும் பார்ப்பதில்லை. உள்ளே ஒரு வெப்பமானியும், வெளியே காலை மாலை குறிக்க ஒரு தாளும் போதும். மின்தடை ஏற்பட்டிருந்தால் எத்தனை மணி நேரம் என்று எழுதி அனுப்புங்கள். உணவு வைக்கும் குளிர்பெட்டியில் மாதிரி வைப்பதை எந்த அவசரமும் நியாயப்படுத்தாது.

அறிகுறி: தீ நிகழ்விடத்துச் சாம்பலில் எரிபொருள் எதுவும் பிடிபடவில்லை

எரிபொருளே இல்லாமலும் இருக்கலாம். அதையும் ஒரு விடையாக ஏற்றுக்கொள்ளுங்கள். ஆனால் எடுத்தபோது பெட்ரோல் வாடை அடித்தது, ஆய்வகத்தில் ஒன்றுமில்லை என்றால் உறையைப் பாருங்கள். காகிதமும் சாதாரணப் பாலித்தீனும் பெட்ரோல் ஆவியை வெளியே விட்டுவிடும். துணிக்குச் சொன்ன விதி இங்கே தலைகீழ்: காற்றுப் புகாத புதிய உலோக டப்பா, அல்லது இதற்கென்றே விற்கும் நைலான் உறை. டப்பாவில் மேலே மூன்றில் ஒரு பங்கு காலியாக இருக்கட்டும். ஆய்வாளர் சோதிப்பது அந்த வெற்றிடத்தில் சேரும் ஆவியைத்தான்.

உறை சரியென்றால் மண்ணா என்று பாருங்கள். மண்ணிலுள்ள நுண்ணுயிரிகள் பெட்ரோலியப் பொருள்களைத் தின்றுவிடும். மண் மாதிரியை உறைய வைத்து விரைவாக அனுப்ப வேண்டும். எரியாத பகுதியிலிருந்து ஒப்பீட்டு மாதிரி எடுத்தீர்களா என்பதையும் பாருங்கள். தரைவிரிப்பும் நுரைமெத்தையும் தாமாகவே எரிபொருள் போன்ற ஆவிகளை விடுவதால், அது இல்லாமல் ஆய்வாளர் உறுதியாகச் சொல்ல மாட்டார்.

அறிகுறி: கைப்பற்றிய போன் திறக்கவில்லை, கேமராப் பதிவு மறைந்துவிட்டது

போன் கைப்பற்றும்போது அணைந்திருந்ததா? அப்படியே விடுங்கள். இயங்கிக்கொண்டிருந்ததை "பத்திரத்துக்கு" அணைத்துவிட்டீர்களா? அதுதான் கோளாறு; அணைத்து இயக்கிய பிறகு கடவுச்சொல் இல்லாமல் உள்ளே போவது மிகக் கடினம். இயங்கும் போனை விமானப் பயன்முறைக்கு மாற்றி, அலைவரிசையைத் தடுக்கும் ஃபாரடே உறையில் வையுங்கள். உறைக்குள் விமானப் பயன்முறை இல்லாத போன் சிக்னலைத் தேடித்தேடி மின்கலத்தைக் காலி செய்யும். எனவே கையடக்க மின்னேற்றியையும் (பவர் பேங்க்) சேர்த்தே உறையில் இடுங்கள்.

எல்லாம் செய்தும் நான்காம் நாள் பூட்டிக்கொண்டதா? ஐ.ஓ.எஸ். 18.1 முதல், 72 மணி நேரம் திறக்கப்படாத ஐபோன் தானாகவே மறுதொடக்கம் ஆகிவிடும். வெள்ளிக்கிழமை மாலை கைப்பற்றியதைச் செவ்வாய்க்கிழமை பார்க்கலாம் என்று வைத்தால் எல்லை கடந்துவிடும். எந்த நேரத்திலும் இயங்கும் போன் கிடைத்தால் அன்றே டிஜிட்டல் பிரிவை அழையுங்கள். நீங்களாகக் கடவுச்சொல்லை ஊகித்துப் போட்டுப் பார்க்காதீர்கள்.

கேமராப் பதிவுப் பெட்டி நிரம்பியதும் பழையதை அழித்து எழுதும். அந்த நாள் எப்போது வரும் என்பதை உரிமையாளரிடம் முதல் சந்திப்பிலேயே கேளுங்கள். நகல் எடுக்கும் முன் திரையில் தெரியும் நேரத்தையும் சரியான நேரத்தையும் ஒரே புகைப்படத்தில் எடுத்துவிடுங்கள். 17 நிமிட வித்தியாசம் ஒருவரின் இருப்பிடச் சான்றையே புரட்டும். பெட்டியின் மூல வடிவத்திலேயே நகலெடுத்து, ஹேஷ் மதிப்பை (கோப்பில் சிறு மாற்றம் வந்தாலும் மாறிவிடும் அடையாள எண்) அங்கேயே குறியுங்கள். திரையைக் கைப்பேசியால் படம்பிடித்துக் கொண்டுவருவது கடைசி வழி. அழிந்துவிட்டது என்று தெரிந்தால் பெட்டியின் மின்சாரத்தைத் துண்டித்து, வன்தட்டோடு நிபுணரிடம் கொடுங்கள். ஓடவிட்ட ஒவ்வொரு மணி நேரமும் மீட்கும் வாய்ப்பைக் குறைக்கும்.

அறிகுறி: சம்பந்தமே இல்லாத ஒருவரின் டி.என்.ஏ. வருகிறது

முதலில் உங்களையே சந்தேகியுங்கள். கையுறையை ஒவ்வொரு பொருளுக்கும் மாற்றினீர்களா, முகக்கவசம் இல்லாமல் பொருளின் மேல் குனிந்து பேசினீர்களா? சேகரிப்பவர்களின் டி.என்.ஏ. விவரம் விலக்குப் பட்டியலில் (ஒப்பிட்டு ஒதுக்குவதற்கென்று ஆய்வகம் வைத்திருக்கும் பட்டியல்) இருந்தால் ஆய்வகம் ஒரே நாளில் பதில் சொல்லிவிடும். உங்கள் பெயரைத் தயங்காமல் அதில் சேருங்கள்.

அடுத்து, ஒரே வண்டியில் ஒரே பெட்டியில் என்னென்ன வந்தன என்று கைமாற்றுப் பதிவில் பாருங்கள். அதற்கும் அடுத்தது, சேகரிக்கும் கருவி. ஜெர்மனி, ஆஸ்திரியா, பிரான்ஸ் நாடுகளில் ஏறத்தாழ 40 சம்பவ இடங்களில் ஒரே பெண்ணின் டி.என்.ஏ. கிடைத்தது, 2007இல் ஹைல்பிரான் நகரில் ஒரு பெண் காவலர் கொல்லப்பட்ட இடமும் அதில் ஒன்று. அவரைப் பல ஆண்டுகள் தேடினார்கள். 2009இல்தான் அது பஞ்சுக்குச்சிகளைத் தயாரித்த இடத்தில் பொதிந்த தொழிலாளியுடையது என்று தெரிந்தது. குச்சிகள் கிருமி நீக்கப்பட்டவைதான்; ஆனால் கிருமி நீக்கம் டி.என்.ஏ.வை நீக்குவதில்லை. இதற்காகவே ஐ.எஸ்.ஓ. 18385 என்ற தரம் 2016இல் வந்தது. உங்கள் குச்சி உறையில் அந்த எண் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அதே தொகுதியிலிருந்து பயன்படுத்தாத இரண்டு குச்சிகளை முத்திரையிட்டு, தொகுதி எண்ணை மேலே எழுதி, அடுத்த பொதியோடு ஆய்வகத்துக்கு அனுப்பிவிடுங்கள்.